அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

கேள்வி இதுதான். அப்பா 1968ல் வாங்கிய இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தாம்பரம் வீட்டுக் கொட்டகையில் எட்டு வருடமாக நிற்கிறது. அப்பா போன வருடம் தவறிவிட்டார். அம்மாவுக்கு விற்க மனமில்லை, தங்கைக்கு அதில் ஆர்வமில்லை, உங்களுக்கு வேலை பெங்களூரில். ஒரு புரோக்கர் வந்து பார்த்து, "பேப்பர் எல்லாம் எதுக்குங்க, வண்டியை அப்படியே குடுங்க, இன்னைக்கே எடுத்துக்கிறேன்" என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார். கொடுத்துவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா என்கிறீர்கள்.

புரோக்கரை முதலில் முடித்துவிடலாம். கொடுக்க வேண்டாம். பேப்பர் வேண்டாம் என்று ஒருவர் ஒரு ஹெரால்டை வாங்கினால் அது பெரும்பாலும் உதிரிக்குப் பிரிக்கத்தான். அல்லது உங்கள் அப்பா பெயரிலேயே கைமாறிக் கைமாறி ஓடும். ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நாளைக்கு அந்த வண்டி எங்கேயாவது இடித்தால் நோட்டீஸ் தாம்பரம் வீட்டுக்குத்தான் வரும்.

வைப்பதா விற்பதா என்பதை மனசைக் கேட்டு முடிவு செய்யலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் பேப்பர், சேஸி (வண்டியின் அடிச் சட்டம்), நிறுத்தும் இடம் என்ற மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியவேண்டும். ஒரு மாதம் போதும், செலவும் அதிகமில்லை. இது தெரியாமல் எடுக்கிற எந்த முடிவிலும் நஷ்டம் உங்களுக்குத்தான். "இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்" என்று விடுவது எல்லாவற்றையும் விட மோசம். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் அந்த வண்டியின் விலை இறங்கிக்கொண்டே போகும்.

பேப்பரில் ஆரம்பியுங்கள். வைத்துக்கொண்டாலும் விற்றாலும் ஆர்.சி. முதலில் உங்கள் குடும்பத்தில் உயிரோடு இருக்கும் ஒருவர் பெயருக்கு வந்தாக வேண்டும். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31ல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. கெடு தாண்டிவிட்டது, அதற்கான அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகலாம். அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அசல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், மற்ற வாரிசுகள் ஆட்சேபமில்லை என்று எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரம் ஆகியவை வேண்டும். இந்து குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அம்மா, நீங்கள், தங்கை எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தங்கைக்கு வண்டியில் ஆர்வமில்லை என்றாலும் கையெழுத்து கட்டாயம் வேண்டும். அம்மா பெயருக்கு மாற்றுவதுதான் வீட்டிலும் சுமுகம், ஆபீஸிலும் சுலபம்.

ஆர்.சி. என்றால் இங்கே பழைய புத்தகம். அதைப் புரட்டிக் கடைசியாக எந்த வருடம் புதுப்பித்த முத்திரை இருக்கிறது என்று பாருங்கள். சொந்த வண்டிப் பதிவு முதலில் 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். எட்டு வருடம் நின்ற வண்டி என்றால் ஒரு தவணையாவது விட்டுப்போயிருக்கும். அடுத்து, வண்டி எண் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். மதராஸ் மாநிலம் 1969 ஜனவரியில்தான் தமிழ்நாடு ஆனது. ஆகவே உங்கள் வண்டியில் எம்.எஸ். அல்லது எம்.டி. என்று தொடங்கும் பழைய எண் இருக்கும். இந்த எண்களில் பல இன்னும் ஏற்றப்படவில்லை. இல்லையென்றால் வண்டி பதிவான ஆபீஸில் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றித்தர மனு கொடுக்க வேண்டும். எல்லா வேலையிலும் நாள் இழுப்பது இதுதான். அதனால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்பே இதை நகர்த்திவிடுங்கள். புத்தகமே காணோம் என்றால் போலீஸில் புகார் கொடுத்து, படிவம் 26ல் நகல் கேட்க வேண்டும்.

அப்புறம் எண் ஒப்பீடு. ஹெரால்டின் பானெட்டைத் திறந்தால் டேஷ்போர்டுக்குப் பின்புறத் தகட்டில், எஞ்சினைப் பார்த்தபடி, சேஸி எண் உள்ள கம்பெனித் தகடு ஒன்று ஆணியடித்திருக்கும். எஞ்சின் எண், பிளாக்கின் இடது பக்கம், ஸ்பார்க் பிளக் வரிசைக்குக் கீழே உள்ள விளிம்பில் குத்தப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மேலே வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்பதும் இதே பென்சில் பிரிண்டைத்தான். இரண்டும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எழுபது, எண்பதுகளில் உதிரி கிடைக்காமல் ஹெரால்டில் வேறு எஞ்சின் மாட்டியவர்கள் நிறைய. அதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டவர்களும் நிறைய. எண் ஒத்துப்போனால் உங்கள் வண்டியின் மதிப்பில் பாதியைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்றே சொல்வேன்.

பதிவைப் புதுப்பிக்கும்போது இரண்டு பாதை உண்டு. ஒன்று வழக்கமான புதுப்பிப்பு: ஐந்து வருடத்துக்கு. 20 வருடம் தாண்டிய காருக்கு இந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கிவிட்டார்கள். அதோடு பசுமை வரி, தாமதக் கட்டணம், வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுவது எல்லாம் சேரும். இன்னொன்று 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் பதிவு. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு மட்டும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், அதன்பின் மறுபதிவுக்கு 5,000. புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் 'விஏ' என்று எழுத்து வரும் புது எண். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். பலர் இதில் கவனிக்காத ஒன்று: வின்டேஜ் பதிவு வாங்கிவிட்டால் வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்க்கக் கொண்டுபோவது, இதற்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போக ஆசை என்றால் வழக்கமான புதுப்பிப்புதான் சரி. சினிமா ஷூட்டிங்குக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் வாடகைக்கு விட்டுச் செலவை எடுத்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். சொந்த உபயோகப் பதிவில் வாடகைக்கு விடக்கூடாது, வின்டேஜ் பதிவில் வணிக உபயோகமே கூடாது.

பெட்ரோல் கார் 15 வருடம் தாண்டினால் ஓடக்கூடாது என்று வாட்ஸாப்பில் சுற்றுவது டெல்லி வட்டாரத்துக் கதை. தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது.

இனி வண்டி. உங்களிடம் இருப்பது என்ன என்று தெரிந்தால்தான் எதைப் பார்ப்பது என்று தெரியும். பிரிட்டனில் 1959ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு, இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிகெலோட்டி வரைந்தது. அதை வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். உங்கள் கொட்டகையிலிருந்து நாலைந்து மைலில் பிறந்த வண்டி. பம்பாய் ஃபியட்டுக்கும் கல்கத்தா அம்பாசடருக்கும் நடுவே மதராஸ் போட்ட கார் அது. 948 சிசி எஞ்சின். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பாடியே சட்டம். ஹெரால்டில் சேஸி தனி, பாடி அதன்மேல் துண்டு துண்டாக நட்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். முன்பக்கம் முழுதும் ஒரே பானெட், முன்னால் கவிழ்ந்து திறக்கும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம் என்பதால் மெக்கானிக்குக்குப் பிடித்த வண்டி. பின்சக்கரத்துக்குக் குறுக்கே ஒரே ஸ்பிரிங் பட்டை, ஆடும் அச்சு. அது மெக்கானிக்குக்குப் பிடிக்காது. 1972ல் வந்த கஸெல் என்ற அடுத்த மாடலில் கம்பெனியே அதைத் தூக்கிவிட்டு, ஒரே துண்டு அச்சு போட்டது.

இரண்டு கதவு என்பது உங்களுக்கு அதிர்ஷ்டம். பிரிட்டனில் ஹெரால்டு லட்சக்கணக்கில் ஓடியது. உதிரி இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். முன் சஸ்பென்ஷன் சாமான்கள் ட்ரையம்ஃபின் ஸ்பிட்ஃபயர், வைட்டெஸ் கார்களோடு பொது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் செய்தது. அதன் பின்கதவுக்கு உலகத்தில் வேறெங்கும் சாமான் கிடையாது. உங்களுடையதில் கிடைக்கச் சிரமமானது இந்திய முகப்பு கிரில், எழுத்துப் பட்டைகள், உள் அலங்காரம். அவை உடைந்திருந்தாலும் தூக்கிப் போடாமல் ஒரு பெட்டியில் வையுங்கள். எஞ்சின் சாமான்களுக்கு ஸ்டாண்டர்டு டென் காரின் உதிரி பல பொருந்தும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் இன்னும் சில அகப்படும்.

சேஸியைப் பார்க்க அரை நாள். டிராலி ஜாக்கி, நாலு ஆக்ஸில் ஸ்டாண்டு, டார்ச், பழைய தடித்த ஸ்க்ரூடிரைவர், துணி சுற்றிய காந்தம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். நடுச் சட்டத்திலிருந்து பக்கவாட்டில் கை நீட்டினாற்போல் போகும் குறுக்குச் சட்டங்களில்தான் பாடி உட்கார்ந்திருக்கிறது. முன்கதவுக் கீலுக்கு நேர் கீழே உள்ளது, பின்சீட்டுக்கு அடியில் உள்ளது, டிக்கிக்குக் கீழே உள்ளது, எல்லாவற்றையும் பாருங்கள். மேலே தார் பூசி நன்றாகத் தெரியும். ஸ்க்ரூடிரைவரின் முனையால் அழுத்திக் குத்துங்கள். "டிங்" என்று ஓசை வந்தால் இரும்பு இருக்கிறது. "பொத்" என்று உள்ளே போனால் துரு தின்றுவிட்டது. இவற்றைவிட முக்கியம், பின்னால் டிஃப்ரென்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) தொங்கும் இடமும் முன் சஸ்பென்ஷன் கோபுரம் பதிந்த இடமும். குறுக்குச் சட்டம் போனால் புதிது செய்து வெல்டு வைக்கலாம். இந்த இரண்டு இடமும் போயிருந்தால் பாடியைக் கழற்றாமல் வேலை ஆகாது.

பாடியில் காந்தம். கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, டிக்கித் தளம். காந்தம் ஒட்டாத இடமெல்லாம் துருவை மறைத்து அப்பிய பட்டி. தரைவிரிப்பைத் தூக்குங்கள், அடியில் போட்ட ஃபெல்ட் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள சந்து மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்றால் பாடி தளர்ந்திருக்கிறது, அல்லது சேஸி தொய்ந்திருக்கிறது. வெளியே பெயின்ட் பளபளக்கிறதா என்பதைப் பொருட்படுத்தவே வேண்டாம்.

அடுத்து முன்சக்கரம். ஹெரால்டை வைத்துக்கொள்ளப் போகிறவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் நெட்டுக் கம்பியின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு பித்தளைக் கூட்டுக்குள் திருகப்பட்டுள்ளது. டிரனியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இந்த மரைதான் சுழல்கிறது. இதற்குப் போடவேண்டியது ஈபி 90 கியர் ஆயில். நம்மூர் சர்வீஸ் ஸ்டேஷனில் முனை கண்டதும் கிரீஸ் கன்னை வைத்து ஏற்றிவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடிவரை போகாமல் காய்ந்து கட்டியாகும். மழைத்தண்ணீர் உள்ளே நின்று கம்பி துருப்பிடிக்கும். ஒருநாள் மெதுவாகப் போகும்போது, அதுவும் முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது, கம்பி மரை ஓரத்தில் முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும். சைடு பார்க்கிங்கில் நடந்தால் தப்பித்தீர்கள். ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் நடந்தால்?

ஆகவே ஓட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் கழற்றுங்கள். கம்பியின் மரையில் குழி விழுந்த துருவோ, படி மாதிரித் தேய்மானமோ இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பித்தளைக் கூட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் சேர்ந்தால் மரை மறுபடி தின்னும். இடது மரை வேறு, வலது மரை வேறு, மாற்றிப் பூட்டிவிடக் கூடாது. பிறகு ஆறு மாதம் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதற்கு ஒருமுறை ஆயில்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். எட்டு வருடம் நின்ற எஞ்சினுக்குப் புது பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்தால், ரிங் ஒட்டியிருக்கும் சிலிண்டரைக் கீறும், டேங்க் துரு கார்புரேட்டருக்குப் போகும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் பதினைந்து மில்லி எஞ்சின் ஆயில் விட்டு, மூன்று நாள் ஊறவிடுங்கள். அப்புறம் முன்புற கப்பியின் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள். நகர்ந்தால் நல்லது. நகராவிட்டால் பலம் காட்டாமல் இன்னும் ஒரு வாரம் ஊறவையுங்கள். சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை இறக்கிவிட்டு 20டபிள்யூ 50 சாதா மினரல் ஆயில், சுமார் நாலு லிட்டர். ஃபில்டரும் புதிது. பிளக் போடாமலே செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் வந்தபின்தான் பிளக்.

பேட்டரி மாட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. அந்தக் காலத்து ஹெரால்டு பலவற்றில் பிளஸ் முனைதான் பாடியில் எர்த். நடுவில் யாராவது மாற்றியும் இருக்கலாம். எந்த ஒயர் பாடிக்குப் போகிறது, பேட்டரி முனை வளையம் பெரிதா சிறிதா என்று பார்த்து, முன்பு எப்படி இருந்ததோ அப்படியே பூட்டுங்கள். கண்மூடித்தனமாக மைனஸை எர்த் செய்தால் டைனமோவும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட் அவுட்டும் போய்விடும்.

பழைய பெட்ரோலை முழுதும் இறக்கி, டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது 1968 ரப்பரைக் கரைக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். ரப்பர் பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் அதே ரகத்தில். கலவை கொஞ்சம் மெலிவதால் கார்புரேட்டரில் சிறிது செழிப்பாக வைக்க வேண்டிவரும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியோடு நின்றுபோனது. இந்த எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுக்கு அந்த ஈயம்தான் மெத்தை. ஹெட்டைக் கழற்றும் நாள் வந்தால் லேத்தில் கொடுத்துக் கடினமான சீட் வளையம் போட்டுவிடுங்கள். இதற்காகவே கழற்ற வேண்டாம்.

எஞ்சினைப் பற்றி இன்னொரு சோதனை. ஒரு நிமிட வேலை, ஆனால் இதில் தோற்றால் மொத்தக் கணக்கும் மாறும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை அழுத்தி விடட்டும். நீங்கள் பானெட்டைத் திறந்து கிராங்க் கப்பியை (எஞ்சினின் முன்புற அடிக் கப்பி) பாருங்கள். கிளட்ச் அழுத்தும்போது கப்பி முன்னால் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால், கிராங்கின் பின்பக்கம் உள்ள அரைவட்ட த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. நல்ல எஞ்சினில் இந்த ஆட்டம் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள், கண்ணுக்குத் தெரியாது. வாஷர் தேய்ந்த நிலையில் என்றால் அடிச் சட்டியை இறக்கிப் புதிது போட்டுவிடலாம். கவனிக்காமல் ஓட்டி, வாஷர் ஆயில் சட்டியில் விழுந்துவிட்டால் கிராங்க் பிளாக்கையே தேய்க்கும். அந்த பிளாக் பிறகு எடைக்குத்தான் போகும். கம்ப்ரெஷன் கேஜ் வைத்து நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சரியாக வந்தால் மெக்கானிக்கிடம் இந்த அளவுகளைக் கொடுங்கள்: பாயின்ட் இடைவெளி 0.38 மில்லிமீட்டர், பிளக் 0.64, வால்வ் டாப்பெட் குளிர்ந்திருக்கும்போது 0.25. ஃபயரிங் 1-3-4-2.

பிரேக்கில் கைவைக்காமல் தெருவுக்கு எடுக்கக் கூடாது. ஒரே சுற்றுக் குழாய், ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நாலும் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், கிளட்ச் சிலிண்டர் எல்லாவற்றின் ரப்பரும் மாற்றவேண்டும். சிலிண்டர் உள்சுவரில் குழி விழுந்திருந்தால் ரப்பர் மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை. வளையும் ரப்பர் குழாய்களையும் விடாதீர்கள், வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். டயர் எவ்வளவு பூ இருந்தாலும் மாற்றித்தான் ஆகவேண்டும். வேகன் ஆர் காருக்கு வரும் 145/80 ஆர்13 பொருந்தும். பழைய ரிவெட் அடித்த டிஸ்க் என்பதால் டியூப் போட்டே மாட்டுங்கள். பின்சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நின்றால் குறுக்கு ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்பிரிங் எப்படி இருந்தாலும், ஆடும் அச்சு என்பதால் வளைவில் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டாலோ பிரேக் போட்டாலோ வால் வெளியே வீசும்.

இவ்வளவும் தெரிந்தபின் முடிவு எளிது. பேப்பர் சரி, எண் ஒத்திருக்கிறது, டிஃப்ரென்ஷியல் இடமும் முன் கோபுர இடமும் கெட்டி, த்ரஸ்ட் வாஷர் ஆட்டமில்லை என்றால் வைத்துக்கொள்வது அர்த்தமுள்ள காரியம். ஓடவைக்க மேலே சொன்ன பிரேக், பெட்ரோல், டிரனியன், டயர், ஒயரிங் வேலைகள் போதும். டிங்கரிங், பெயின்டிங் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். பணம் கரைவது அங்கேதான். முழு ரிஸ்டோரேஷன் செய்து அந்தப் பணத்தை விற்பனையில் எடுக்கலாம் என்பது ஹெரால்டில் நடக்காது. மெர்சிடிஸுக்கும் ஜாகுவாருக்கும் கொடுக்கிறவர்கள் இதற்குக் கொடுக்க மாட்டார்கள். இந்த வண்டிக்கு விலை, அதை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் "கோடிக்குப் போகும்" என்பவரையும் "காயலான் கடைக்குத்தான்" என்பவரையும் ஒரே தட்டில் வையுங்கள்.

சேஸி அந்த இரண்டு இடத்தில் போயிருந்தால்? தனிச் சேஸி என்பதால் பாடியை இறக்கிச் சரிசெய்ய முடியும், அம்பாசடரைவிடச் சுலபம். ஆனால் பக்கத்தில் இருந்து மேற்பார்க்க ஆள் வேண்டும். பெங்களூரிலிருந்து போனில் செய்யமுடிகிற வேலையில்லை. கழற்றிப் போட்ட ஹெரால்டு ஆறு சாக்கு மூட்டையாக இரண்டு வருடம் கிடந்தால் அதற்கு விலையே கிடையாது. உங்கள் நிலையில் கழற்றாமல், இருக்கிறபடி, இன்னொரு ஹெரால்டு வைத்திருப்பவருக்குக் கொடுப்பதே சரி.

நிறுத்தும் இடத்தைப் பற்றி அம்மாவோடு பேசுங்கள். கொட்டகைக்கு மூன்று பக்கம் சுவர், ஒழுகாத கூரை, சிமென்ட் தரை வேண்டும். மண் தரை என்றால் அடியிலிருந்து ஈரம் ஏறிச் சேஸியைத் தின்னும். பிளாஸ்டிக் உறை போட்டு இறுகக் கட்டாதீர்கள், உள்ளே வியர்க்கும். பருத்தித் துணி உறை போதும். எலிக்கு பானெட்டுக்குள் ஒயர்தான் தீனி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை யாராவது எடுத்து, எஞ்சின் முழுச் சூடு ஏறும்வரை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டவேண்டும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது கெடுதல், எக்ஸாஸ்டிலும் ஆயிலிலும் தண்ணீர் தங்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆயில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில். இதைச் செய்ய தாம்பரத்தில் ஆள் உண்டா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. மாதம் ஒருமுறை நீங்கள் வருவீர்கள் என்றால்கூட ஓரளவு ஓடும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவேன் என்றால் ஓடாது. பெங்களூருக்குக் கொண்டுபோகும் யோசனையை விடுங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்தால் அங்கே மறுபதிவு செய்யவேண்டும், படிவம் 28 ஆட்சேபமின்மைச் சான்றும் வேண்டும், அந்தப் பழைய மதராஸ் எண்ணும் போய்விடும்.

இன்சூரன்ஸ் மூன்றாம் நபர் பாலிசியாவது கட்டாயம். வின்டேஜாகப் பதிவான காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி உண்டு, ஏஜென்ட் தானாகச் சொல்லமாட்டார், கேளுங்கள்.

விற்பது என்று முடிவானால், உருளும், நிற்கும், ஸ்டார்ட் ஆகும் என்ற நிலைவரை கொண்டுவந்து விற்பதுதான் லாபம். அதற்குமேல் ஒரு ரூபாய் போடாதீர்கள். புதுப் பெயின்டைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர் அடியில் பட்டியை மறைத்திருக்கிறார்கள் என்றே நினைப்பார். அடியில் எடுத்த படங்கள், பென்சில் பிரிண்ட், கம்ப்ரெஷன் அளவு, அப்பா வைத்திருந்த பழைய பில்கள், இவற்றைக் காட்டினால் பேரம் வேறு மாதிரி நடக்கும். சென்னையில் பழைய கார் சங்கங்கள் இருக்கின்றன. மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற இடத்தில் நாலு பேரிடம் காட்டி விசாரித்தால் ஹெரால்டு தேடுகிறவர் யார் என்று தெரியும். இணையத்தில் போட்ட விலைகளைப் பார்த்து மதிப்பிடாதீர்கள், அவை கேட்கிற விலை. விற்ற விலை என்ன என்று அங்கே விசாரியுங்கள்.

வரி பயம் வேண்டாம். இந்தியாவில் வாரிசுச் சொத்துக்கு வரி இல்லை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் மூலதனச் சொத்தாகக் கணக்கில் வராது. ஆகவே மூலதன ஆதாய வரியும் இல்லை. பணத்தை வங்கி வழியாக அம்மா கணக்கில் வாங்கி, தங்கை பங்கை அங்கிருந்தே கொடுத்துவிடுங்கள்.

கொடுக்கும் நாளில் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. தேதி, வாங்குபவர் பெயர், முகவரி எல்லாம் எழுதித்தான் கையெழுத்து. வெறும் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவே கூடாது. வண்டி கொடுத்த தேதியும் மணியும் எழுதிய ரசீதில் வாங்குபவரின் கையெழுத்து, அவருடைய ஆதார் நகல், உங்கள் ஆர்.சி.யின் எல்லாப் பக்கத்துக்கும் நகல். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்றவர் வேலை. அதை வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை பரிவாகனில் அந்த எண்ணைத் தட்டி, பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறும்வரை இன்சூரன்ஸைக் காலாவதி ஆகவிடாதீர்கள்.